பாக்கெட்டிலிருந்து பாத்திரத்துக்கு: வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

இந்த வழிகாட்டி எந்த வீட்டுக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு ஏழுக்கு மேல் திரும்புகிறவர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஒன்றிரண்டு. கூடவே பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். சென்னையிலோ கோவையிலோ ஓர் அடுக்குமாடி வீடு. கிரைண்டர் இருக்கிறது, ஆனால் அதன்மேல் துணி போர்த்தி வெகுகாலம் ஆகிவிட்டது.

இந்த வீட்டில் யாருக்கும் சமைக்கத் தெரியாமல் இல்லை. சாம்பார் வைக்கத் தெரியும், தோசை வார்க்கத் தெரியும். மாலை நாலரைக்குப் பிள்ளை பசியோடு வந்து நிற்கும்போதும், இரவு எட்டரைக்கு எல்லோரும் களைத்து உட்கார்ந்திருக்கும்போதும் கைக்கு எட்டுவது பாக்கெட் மட்டும்தான். சிக்கல் அங்கேதான். அதனால் புதுப் புது ரெசிப்பி தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டு நேரத்துக்கும் வீட்டிலேயே செய்த ரெடிமேட் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு, வத்தல், வடகம், அரைத்த மாவு எல்லாம் நம் அடுக்களையில் அவசரத்துக்கு என்றே பிறந்தவைதான். அந்த அலமாரியை மறுபடி நிரப்பினால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றப் போனால், அடுத்த வாரமே ஆப்பில் பரோட்டா ஆர்டர் போவது உறுதி.

முதல் வாரம்: காலி கவர்களைச் சேர்த்து வையுங்கள்

இந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம். யாரையும் திட்டவும் வேண்டாம். காலியான கவர், டப்பா, பாட்டில், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் குப்பையில் போடாமல் ஒரு பெரிய பையில் சேருங்கள். ஆர்டர் செய்த சாப்பாட்டின் பில்லையும் அதிலேயே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பையைக் கூடத்தில் கொட்டி, வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிரியுங்கள்.

மூன்று குவியல் போதும். முதல் குவியல் அப்படியே தொடரலாம்: பால், தயிர், பருப்பு, அரிசி, ரவை, அவல், பொரி, கோதுமை மாவு, எண்ணெய். கடையில் வாங்கும் இட்லி மாவையும் இதிலேயே சேர்ப்பேன். அரிசி, உளுந்து, உப்பு தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் அரைத்து விற்கிற, சுத்தமான கடையாக இருந்தால் சரி. இரண்டாவது குவியல் வீட்டில் செய்தால் சுலபமாக மாற்றிவிடக் கூடியது: மசாலாப் பொடி, இஞ்சி பூண்டு விழுது, புளி பேஸ்ட், உப்புமா மிக்ஸ், ரெடி டு ஈட் குருமா. மூன்றாவது குவியல்தான் குறைக்க வேண்டியது: நூடுல்ஸ், சிப்ஸ், கிரீம் பிஸ்கட், குளிர்பானம், உறைய வைத்த நக்கெட்ஸ், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சாக்லேட் உருண்டைகள்.

இப்படிப் பிரிப்பது நானாகக் கண்டுபிடித்தது அல்ல. பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மான்டேரோவும் அவருடைய குழுவினரும் 2009 வாக்கில் நோவா என்ற பகுப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். உணவை அதில் இருக்கும் சத்தை வைத்துப் பார்க்காமல், தொழிற்சாலையில் அது எவ்வளவு தூரம் மாற்றப்பட்டது என்பதை வைத்து நான்காகப் பிரிக்கும் முறை அது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியும் மிகையாகப் பதப்படுத்திய உணவுகளைக் குறைக்கச் சொல்கிறது. நம் வீட்டுக்கு அந்த நான்கு வகையெல்லாம் தேவையில்லை. பின்பக்கம் எழுதியிருக்கும் பொருட்களைப் படியுங்கள். நம் சமையலறையில் இல்லாத பெயர்கள் வரிசையாக வந்தால், அது மூன்றாவது குவியல்.

கவர்களைப் பிரிக்கும்போதே நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இது யார், எப்போது சாப்பிட்டது? பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது குவியலின் பெரும்பங்கு மாலைக்குப் போகும். அடுத்தது காலை அவசரம். இரவுக்குப் பில்கள்தான் சாட்சி.

கவரின் பின்பக்கம்

முன்பக்கம் இருப்பது விளம்பரம். பல தானியம், புரதம், வைட்டமின், அம்மாவின் கைப்பக்குவம் என்று என்ன வேண்டுமானாலும் இருக்கும். திருப்பிப் பாருங்கள். நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி, சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். ஆகவே முதல் மூன்று பெயர்கள் எதுவோ, பாக்கெட்டில் பெரும்பாலும் அதுதான். கோதுமை பிஸ்கட் என்று வாங்கியதில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில் இருந்தால் அது மைதா பிஸ்கட்தான். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சதவீதமும் இருக்கும். கேழ்வரகு பிஸ்கட்டில் கேழ்வரகு எத்தனை சதவீதம் என்று அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் சோடியம். அட்டவணையில் உப்பு என்று போடமாட்டார்கள், சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. சர்க்கரைக்கு இன்னும் சுலபம்: 4 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் என்று கணக்கு வையுங்கள். இந்த எண்கள் 100 கிராமுக்கா, ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கா என்பதையும் பாருங்கள். ஒரு தடவை என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு சில நேரம் நான்கு சிப்ஸில் முடிந்துவிடும்.

உணவில் சேர்க்கும் கூட்டுப்பொருட்களைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண்களைப் பார்த்ததும் அலற வேண்டாம். 330 எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம், 500 நம் வீட்டு சமையல் சோடா, 322 பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின். 621, 627, 631, 635 ஆகியவை நாக்கில் சுவையைத் தூக்கிக் காட்டுபவை. இவை விஷம் என்று வாட்ஸாப்பில் சுற்றுவதை நான் நம்புவதில்லை. ஆனால் இவை இருக்கும் பாக்கெட்டில் உப்பும் பெரும்பாலும் தாராளமாக இருக்கும், வீட்டுச் சாப்பாடு பிள்ளைக்குச் சப்பென்று தெரிய இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, பாலில் கலக்கும் சத்து மாவுப் பானங்கள். 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பின்கீழ் விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. உங்கள் டப்பாவில் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாம் வாரம்: மாலை நாலரை

இங்கேதான் தொடங்க வேண்டும். எல்லோரும் இரவுச் சாப்பாட்டில் தொடங்குகிறார்கள், அதனால்தான் தோற்கிறார்கள். மாலையில் பிஸ்கட்டும் சிப்ஸும் வயிற்றை அடைத்துவிட்ட பிள்ளை எட்டு மணிக்குக் காய் எப்படிச் சாப்பிடும்? மாலையைச் சரிசெய்தால் இரவு தானாகப் பாதி சரியாகும்.

அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லை. பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடுவதாகவோ, பாட்டி ஐந்து நிமிஷத்தில் தருவதாகவோ இருக்க வேண்டும். அதற்குச் சுண்டலை மிஞ்ச ஒன்றும் இல்லை. கொண்டைக்கடலையையோ காராமணியையோ இரவு ஊறப்போட்டு, காலையில் சாதத்துக்குக் குக்கர் வைக்கும்போதே வேகவைத்து, தண்ணீரை வடித்து, டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். கடுகு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் துருவிய தேங்காய் போட்டால் ஒரு நாள். வெங்காயம், தக்காளி, மாங்காய் நறுக்கிப் போட்டு மெரினா கடற்கரைச் சுண்டல் மாதிரி கொடுத்தால் இன்னொரு நாள். அதே கடலையைத்தான் சாப்பிட்டோம் என்று பிள்ளைக்குத் தெரியாது.

மற்ற நாட்களுக்கு: தோலோடு அவித்த வேர்க்கடலை. பொரியில் பொட்டுக்கடலை, துளி எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு. ஊறவைத்த அவலில் வெல்லமும் தேங்காயும். டப்பாவில் எப்போதும் எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொருள்விளங்கா உருண்டை. இவற்றை நீங்களே பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மகளிர் சுயஉதவிக் குழுக்களும் தெருமுனை மாமிகளும் நன்றாகவே செய்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசைமேல் வாழைப்பழமும் கொய்யாவும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். பிஸ்கட் டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றுங்கள், தீர்ந்ததும் மறுபடி வாங்காதீர்கள். மளிகைப் பட்டியலில் இருந்து அடிப்பது ஒரு வேலை. வீட்டில் வைத்துக்கொண்டே தினமும் கூடாது கூடாது என்று சொல்வது பத்து வேலை.

பாட்டியின் டீ பிஸ்கட்டைத் தொடாதீர்கள். எழுபது வயதில் காலை டீயோடு இரண்டு பிஸ்கட் என்பது அவருடைய உரிமை. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும், சர்க்கரை இல்லாதது என்று எழுதியிருக்கும் பிஸ்கட்டிலும் மைதாவும் கொழுப்பும் இருக்கும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஞாயிறு இரண்டு மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் சமைக்க நேரம் கிடைக்காது. ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை எடுத்தே ஆக வேண்டும், அதுவும் எல்லோரும் சேர்ந்து. வீட்டுச் சமையலுக்குத் திரும்புவது என்றால் அம்மா மட்டும் அடுக்களைக்குத் திரும்புவது என்று ஆகிவிட்டால், இந்தத் திட்டம் மூன்று வாரம்கூட ஓடாது. ஓடவும் கூடாது.

காலை பத்து மணிக்கு ஊறப்போடுங்கள்: ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ தோல் நீக்கிய முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். வெந்தயத்தை உளுந்தோடு போட்டுவிடலாம். மூன்று மணி வாக்கில் உளுந்தை மட்டும் தண்ணீரோடு பிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரைத்தால் கிரைண்டர் சூட்டில் மாவு சூடேறாமல் பொங்கி வரும். அரை மணி நேரம் ஓடட்டும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அடுத்து அரிசி, கொஞ்சம் நறநறப்பாக. 2 லிட்டர் கிரைண்டரில் அரிசியை இரண்டு தடவையாகப் போடுங்கள். உப்புப் போட்டுக் கையால் கலக்குங்கள்.

இப்போது மாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி வெளியே புளிக்கட்டும். சென்னை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் பத்து பன்னிரண்டு ஆகும். மற்றப் பாதியைப் புளிக்கவிடாமல் அப்படியே பிரிட்ஜுக்குள் வைத்து, புதன்கிழமை மாலை வெளியே எடுங்கள். வாரக் கடைசியில் மாவு ஒரேயடியாகப் புளித்துப்போகும் தொல்லை இப்படித் தீரும். காலைக்குத் திங்கள், செவ்வாய் இட்லி, புதன் தோசை. வியாழன் மறுபடி இட்லி. வெள்ளி வெங்காய ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ.

மாவு அரைப்பதைப் பெரிய வேலை என்று யாரும் நினைப்பதில்லை. கிரைண்டரைக் கழுவுவதுதான் எல்லோரையும் கடை மாவுக்கு விரட்டியது. அதனால் கிரைண்டர் கழுவும் பொறுப்பை அப்பாவிடம் கொடுங்கள், நிரந்தரமாக. அரிசி மாவு வழித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி இரண்டு சுற்று ஓடவிட்டு, அந்தத் தண்ணீரை மாவிலேயே சேர்த்துக்கொண்டால் ஒட்டியிருப்பதில் பாதி போய்விடும். காயவிட்டால்தான் கஷ்டம்.

கிரைண்டர் ஓடும் நேரத்தில் மற்ற வேலைகள். பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டே சின்ன வெங்காயம் உரிக்கட்டும். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் சுலபமாக வரும். உரித்து ஈரம் துடைத்து டப்பாவில் வைத்தால் வார நடுப்பகுதி வரை தாங்கும். பெரியவர் கீரையை ஆய்ந்து, கழுவாமல் துணியில் சுற்றி வைக்கட்டும். கழுவுவது சமைக்கும்போது. பீன்ஸ், கேரட், கோஸ் நறுக்கி வைக்கலாம். கத்தரிக்காய், வாழைக்காய், உருளையை நறுக்கி வைக்காதீர்கள், கறுத்துவிடும். ஒரு தேங்காய் துருவி சின்னச் சின்ன டப்பாக்களில் பிரீசரில் போடுங்கள். இஞ்சி, பூண்டு இரண்டையும் தண்ணீர் விடாமல் உப்பு, எண்ணெய் சேர்த்து அரைத்து ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவிடுங்கள். ஒரு கட்டி ஒரு குருமாவுக்குச் சரி.

அடுப்பில் அன்று ஒன்றே ஒன்று: தக்காளித் தொக்கு. நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி ஒரு கிலோ. அகலமான கனமான வாணலியில் அரை கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், அரைத்த தக்காளி, மஞ்சள்தூள். தண்ணீர் வற்றும் வரை தெறித்துக்கொண்டே இருக்கும், பாதி மூடி வையுங்கள். தெறிப்பது அடங்கியபின் மிளகாய்த்தூள், உப்பு, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்த கெட்டிக் கரைசல். கரண்டியால் இழுத்தால் தடம் அப்படியே நின்று, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து பளபளக்க வேண்டும். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் டீஸ்பூன், சின்னத் துண்டு வெல்லம். ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் போட்டு பிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் கவலையில்லை. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம், சப்பாத்திக்குத் தடவிச் சுருட்டலாம், சாதத்தில் கிளறினால் தக்காளி சாதம், வேகவைத்த முட்டையைப் போட்டுப் புரட்டினால் இரவுக் குழம்பு. கெட்சப் பாட்டிலின் இடத்தையும் இதுவே பிடித்துக்கொள்ளும்.

அடுத்த ஞாயிறு தொக்குக்குப் பதில் புளிக்காய்ச்சல், அதற்கடுத்த ஞாயிறு பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும். வாரம் ஒன்று போதும். மாதக் கடைசியில் அலமாரியில் நான்கைந்து பாட்டில் நிற்கும்.

மூன்றாம் வாரம்: காலையும் டிபன் பாக்ஸும்

மாவு இருக்கும் நாட்களில் காலைக்குப் பிரச்சினை இல்லை. மாவு தீர்ந்த நாளுக்குத்தான் உப்புமா மிக்ஸ் வாங்குகிறோம். அதை வீட்டிலேயே செய்து வைக்கலாம், இருபது நிமிஷ வேலை. அரைக் கிலோ வெள்ளை ரவை அல்லது கோதுமை ரவை. வாணலியில் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கிள்ளிய வரமிளகாய், கழுவித் துடைத்துக் காயவைத்த கறிவேப்பிலை. கறிவேப்பிலை கையில் நொறுங்கும் அளவுக்கு மொறுமொறுப்பாக வேண்டும், ஈரம் இருந்தால் பாட்டில் முழுவதும் கெட்டுவிடும். அதில் ரவையைப் போட்டு, வாசம் வரும் வரை சின்ன தீயில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். வேண்டும்போது ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் தண்ணீர், உப்புப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிஷம். பிரீசரில் பட்டாணியோ நறுக்கிய கேரட்டோ இருந்தால் கொதிக்கும் தண்ணீரிலேயே போட்டுவிடுங்கள்.

மதிய டப்பாவுக்கு, காலையில் குக்கரை ஒரே தடவை வைத்து மூன்று வேலை வாங்குங்கள். அடித்தட்டில் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம். நடுவில் அரிசி. மேலே நறுக்கிய காய். பருப்புக்குச் சூடு அதிகம் வேண்டும் என்பதால் அது அடியில். பருப்பை இரண்டு நாளுக்குச் சேர்த்தே வேகவைத்து, பாதியை பிரிட்ஜில் வைத்துவிடலாம். இன்று சாம்பார், நாளை ரசம். அரைமணி நேரத்தில் டப்பா தயார்: புளிக்காய்ச்சல் சாதம், எலுமிச்சை சாதம், பருப்புப் பொடி சாதம், தயிர் சாதம், கூட ஒரு பொரியல். டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளை கேட்கிற மாதிரி வாரத்தில் ஒரு நாளாவது இருக்கட்டும், பொடி தூவிய மினி இட்லியோ பனீர் பொரித்த சப்பாத்திச் சுருளோ. பிள்ளைகளுக்கு இது முக்கியம்.

சாம்பார் பொடியைப் பொறுத்தவரை கடைப் பொடி பெரிய குற்றம் இல்லை. மாற்ற ஆசை இருந்தால் அளவு இது: தனியா அரைக் கிலோ, வரமிளகாய் கால் கிலோ, துவரம்பருப்பு 100 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், மிளகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, விரலி மஞ்சள் 50 கிராம். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பருப்பையும் வெந்தயத்தையும் மட்டும் வெறும் வாணலியில் லேசாக வறுத்து, மில்லில் கொடுங்கள். உங்களுக்கு முன்னால் யார், என்ன அரைத்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கறி மசாலாவுக்குப் பின்னால் போனால் சாம்பாரில் பட்டை வாசம் வரும். வந்ததும் சூடு ஆறும் வரை துணியில் பரப்பிவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும்.

நான்காம் வாரம்: இரவு எட்டரை

இந்த நேரத்தில் யோசிக்கும் தெம்பு யாருக்கும் கிடையாது. அதனால் முன்பே முடிவு செய்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். விரிவான அட்டவணை வேண்டாம், கிழமைக்கு ஒரு சொல் போதும்: திங்கள் தோசை, செவ்வாய் சப்பாத்தி, புதன் கிச்சடி, வியாழன் கோதுமை தோசை, வெள்ளி சேவை, சனி சாதமும் ரசமும் அப்பளமும், ஞாயிறு இஷ்டம். அந்த ஞாயிறு இஷ்டத்தில் வெளிச்சாப்பாடும் அடக்கம். பிரியாணியோ பரோட்டாவோ, குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிடுங்கள்.

எதுவுமே இல்லாத இரவுக்குக் காவல் கோதுமை தோசை. ஒரு கப் கோதுமை மாவு, கால் கப் அரிசி மாவு, சீரகம், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், மோர் ஊற்றி ரவா தோசைப் பதத்துக்குக் கரைத்து, ஓரத்திலிருந்து உள்ளே ஊற்றுங்கள். ஊறவும் வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். தொட்டுக்கொள்ளத் தொக்கு இருக்கிறது. ஆப்பில் ஆர்டர் வந்து சேரும் நேரத்துக்குள் நான்கு பேர் சாப்பிட்டுக் கை கழுவிவிடலாம்.

மிச்சச் சாப்பாட்டை வைத்துக்கொள்வதில் மட்டும் கறாராக இருங்கள். நம் ஊர் வெப்பத்தில் சமைத்த சாதத்தையும் பருப்பையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஆறிய சாதத்தில் வளரும் சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. பெரிய பாத்திரத்தில் அப்படியே வைக்காமல், அகலமான டப்பாக்களில் பிரித்துச் சீக்கிரம் ஆறவிட்டு பிரிட்ஜில் வையுங்கள். குழம்பைக் கொதிக்க விட்டுத்தான் பரிமாற வேண்டும். டப்பாமேல் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். மூன்று நாள் தாண்டியது வெளியே போகட்டும்.

நூடுல்ஸ் கேட்டு அழும் பிள்ளை

தடை போடாதீர்கள். தடை போட்ட நூடுல்ஸை நண்பன் வீட்டில் இரண்டு மடங்கு சாப்பிட்டு வருவார்கள். வாரம் நான்கு என்பது இரண்டாகட்டும், பிறகு ஒன்று. அந்த ஒன்றிலும் மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, கேரட், முட்டைக்கோஸ், ஒரு முட்டை சேர்த்துக் கிளறுங்கள். உப்பில் பெரும்பகுதி அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. இன்னொரு நாள் காய்ந்த அரிசிச் சேவையைக் கொதிநீரில் ஊறவைத்து வடித்து, பூண்டு, வெங்காயம், குடைமிளகாய், ஒரு ஸ்பூன் தக்காளித் தொக்கு போட்டு அதிக தீயில் புரட்டிக் கொடுங்கள். அதே கிண்ணம், அதே ஃபோர்க். பெயரை மாற்றி ஏமாற்ற வேண்டாம், சேவை நூடுல்ஸ் என்றே சொல்லுங்கள்.

முதலில் சில நாள் சாம்பார் சப்பென்று இருக்கிறது என்பார்கள். அதற்காக உப்பைக் கூட்டாதீர்கள். புளிப்பையும் வாசத்தையும் கூட்டுங்கள்: கொஞ்சம் தக்காளி அதிகம், இறக்கும்போது புதிதாகத் தாளித்த பெருங்காயம், மேலே ஒரு ஸ்பூன் நெய், பிடி கொத்தமல்லி. நாக்கு உப்பிலிருந்து மெல்ல இறங்கி வரும், அவசரப்படுத்த முடியாது. பிள்ளையே உரித்த வெங்காயம், அவளே வார்த்த கோணல் தோசை என்றால் புகார் குறைவதையும் பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தோசைக்கல்லைக் கொடுக்கலாம்.

செலவு எப்படி என்று கேட்பார்கள். உங்கள் கவர் பையிலிருந்து பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் ஒன்றை எடுத்து நிகர எடையைப் பாருங்கள், கிலோ விலைக்கு மாற்றுங்கள். அடுத்து ஒரு கிலோ உருளைக்கிழங்கின் விலையைப் பாருங்கள். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தொடங்கும் மாதத்தில் நல்லெண்ணெய், டப்பாக்கள், மொத்தமாக வாங்கும் மிளகாய், தனியா என்று கொஞ்சம் கூடுதலாகவே போகும். ஆர்டர் பில் குறைவது அடுத்த மாதத்திலிருந்துதான் தெரியும்.

பரீட்சை நேரம், யாருக்காவது காய்ச்சல், ஊருக்குப் போய்த் திரும்பிய வாரம் என்று வரும்போது ஞாயிறு வேலை தவறும். அந்த வாரம் மாவைக் கடையில் வாங்குங்கள், நறுக்கிய காயும் வாங்குங்கள், பக்கத்து மெஸ்ஸில் குழம்பும் பொரியலும் மட்டும் வாங்கிச் சாதத்தை வீட்டில் வையுங்கள். மாலைச் சுண்டலை மட்டும் விடாதீர்கள். மற்றதையெல்லாம் அடுத்த ஞாயிறு பிடித்துக்கொள்ளலாம்.

மாசி முடிந்து வெயில் ஏறியதும் மொட்டைமாடிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மோர்மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், அரிசி வடாம், வெங்காய வடகம் எல்லாம் பங்குனி, சித்திரையில் போட்டால்தான் மழைக்காலத்துக்கு இருக்கும். காலை ஏழு மணிக்குள் பிழிந்துவிட வேண்டும், காக்காய் விரட்டப் பிள்ளைகள் விடுமுறையில் வீட்டில்தான் இருப்பார்கள்.